உலக வரலாற்றை வகுப்பில் எப்படி நடத்துவது? 1914ஐ வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "பத்தாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். முதல் பாடமே முதல் உலகப் போர். காரணங்களை வரிசையாக ஒப்பிக்கிறார்கள், ஆனால் ஒருவருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. நானும் அப்படித்தான் படித்தேன். வகுப்பில் ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள், நாற்பது நிமிட பீரியட், பொதுத்தேர்வு வேறு. உலக வரலாற்றை உருப்படியாக நடத்த வழி இருக்கிறதா?"

இருக்கிறது. பள்ளியில் நெடுங்காலம் வரலாறு எடுத்தவன், இப்போது புதிய ஆசிரியர்களுக்கான பயிற்சிகளுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பொதுவாகப் பேசினால் "ஆர்வத்தைத் தூண்டுங்கள்" என்ற மாதிரி அறிவுரையாகப் போய்விடும். அதனால் நீங்கள் சொன்ன பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

பாடப்புத்தகம் எழுதப்படும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நடந்து முடிந்ததை எல்லாம் நடந்தே தீர வேண்டியது போலச் சொல்லும். கூட்டணிகள் இருந்தன, ஆயுதப் போட்டி இருந்தது, தேசிய வெறி இருந்தது, காலனிகளுக்கான போட்டி இருந்தது, ஆகவே போர் வந்தது. நான்கு காரணம், நான்கு துணைத்தலைப்பு, ஐந்து மதிப்பெண். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அதனால்தான் ஒப்பிக்கிறார்கள். ஒப்பிப்பதற்கென்றே செய்ததுபோல இருப்பதை வேறு எப்படிப் படிப்பார்கள்?

அந்தப் பட்டியலைச் சோதிக்கும் ஒரு கேள்வியை வகுப்பில் போடுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் 1882இலேயே கூட்டு சேர்ந்துவிட்டன. கூட்டணிதான் போருக்குக் காரணம் என்றால் 1914இல் இத்தாலி ஏன் நடுநிலை என்று ஒதுங்கியது? 1915 மே மாதம் எதிரணியில் சேர்ந்து தன் பழைய கூட்டாளி ஆஸ்திரியா-ஹங்கேரி மீதே ஏன் பாய்ந்தது? அடுத்து, மொராக்கோவை வைத்து 1905இலும் 1911இலும் ஜெர்மனியும் பிரான்சும் முறைத்துக்கொண்டன. 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது ரஷ்யா கொதித்தது. 1912, 1913இல் பால்கனில் இரண்டு போர்களே நடந்தன. அந்த நான்கு காரணங்களும் அப்போதும் இருந்தன. உலகப் போர் வரவில்லை. 1914இல் மட்டும் ஏன் வந்தது?

இந்தக் கேள்விக்கு கைடில் பதில் கிடையாது. வரலாற்றாசிரியர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1961இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மானியரே, போரை விரும்பியது தன் நாட்டின் தலைமைதான் என்று எழுதி அங்கே பெரிய புயலைக் கிளப்பினார். பழி எல்லாருக்கும் உண்டு என்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெரியவர்களுக்கே முடிவாகாத ஒன்றைத் தாங்களும் ஒரு கை பார்க்கலாம் என்று தெரிந்தால் வகுப்பின் முகமே மாறும்.

சரி, எப்படி நடத்துவது? போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் மனைவி சோஃபியும் கொல்லப்பட்டது 1914 ஜூன் 28. பிரிட்டன் போருக்குள் வந்தது ஆகஸ்ட் 4. இடையில் 37 நாட்கள். கரும்பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு கோடு போட்டு அந்த 37 நாட்களைக் குறியுங்கள். வகுப்பை ஆறு குழுவாகப் பிரியுங்கள்: வியன்னா (ஆஸ்திரியா-ஹங்கேரி), பெல்கிரேடு (செர்பியா), பெர்லின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன். இதில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். ஒவ்வொரு குழுவுக்கும் அந்தந்தத் தேதியில் அந்தத் தலைநகருக்கு என்ன தெரியுமோ அது மட்டும்தான் தெரிய வேண்டும். அரைப்பக்கத் துண்டுச்சீட்டு போதும், ஜெராக்ஸ் இல்லாவிட்டால் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.

கொலைக்குப் பழி செர்பியா மீது விழுந்தது. கொலை நடந்த உடனே ஆஸ்திரியா செர்பியாவை அடித்திருந்தால் ஐரோப்பாவில் பலர் அனுதாபப்பட்டிருப்பார்கள். ஏன் ஜூலை 23 மாலைவரை எச்சரிக்கைக் கடிதமே போகவில்லை? காரணங்களில் ஒன்று அறுவடை. சிப்பாய்களில் பலர் வயல்வேலைக்காக விடுப்பில் போயிருந்தார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். இன்னொரு காரணம் தந்திரம். பிரெஞ்சு அதிபர் புவான்காரே அப்போது ரஷ்யத் தலைநகரில் விருந்தாளி. அவர் கப்பலேறிக் கிளம்பும்வரை வியன்னா காத்திருந்தது, இரண்டு நாடுகளும் நேரில் உட்கார்ந்து கலந்து பேசிவிடக் கூடாது என்று.

செர்பியாவுக்குக் கொடுத்த கெடு 48 மணி நேரம். செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளுக்குத் தலையாட்டியது. தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணையில் பங்கெடுப்பதை மட்டும் ஏற்க முடியாது என்றது. இங்கே நிறுத்திவிட்டு பெல்கிரேடு குழுவிடம் கேளுங்கள்: "அதற்கும் சரி என்றிருந்தால் போர் நின்றிருக்குமா?" பிறகு வியன்னா குழுவிடம்: "உங்களுக்கு வேண்டியது பதிலா, போரா?" அந்தப் பதிலை ஜூலை 28 காலையில் படித்த ஜெர்மன் பேரரசர் வில்ஹெம், இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று ஓரத்தில் குறிப்பு எழுதினார். அதே நாளில் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது. அதற்கு முன்பு, ஜூலை தொடக்கத்தில், எது வந்தாலும் உங்கள் பக்கம் நிற்கிறோம் என்று வியன்னாவுக்கு வாக்குக் கொடுத்ததும் இதே வில்ஹெம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "ஜெர்மனி வில்லன்" என்ற ஒற்றை வரி கொஞ்சம் ஆடும். அடியோடு விழுந்துவிடாது, ஆடும். அந்த அளவுதான் வேண்டும்.

பீட்டர்ஸ்பர்க் குழுவுக்கு இன்னும் நல்ல கட்டம் இருக்கிறது. ஜூலை 29 அன்று ஜார் நிக்கோலஸ் முழுப் படைதிரட்டலுக்கு ஒப்புதல் கொடுத்தார். வில்ஹெமிடமிருந்து தந்தி வந்தது, அன்றிரவே ரத்து செய்தார். மறுநாள் அமைச்சர்களும் தளபதிகளும் நெருக்க, மறுபடி உத்தரவிட்டார். இருவரும் உறவினர்கள், ஒருவருக்கொருவர் 'நிக்கி', 'வில்லி' என்று கையெழுத்துப் போட்டு ஆங்கிலத்தில் தந்தி அடித்துக்கொண்டார்கள். பிரிட்டன் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் இருவருக்குமே அத்தை பிள்ளையோ பெரியம்மா பிள்ளையோ மாமன் பிள்ளையோ ஆகவேண்டும். முறையைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வில்ஹெமின் தாயும் ஜார்ஜின் தந்தையும் உடன்பிறந்தவர்கள், நிக்கோலஸின் தாயும் ஜார்ஜின் தாயும் அக்கா தங்கை. நம் பிள்ளைகளுக்கு உறவுமுறை போடச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெர்லின் குழுவுக்கு ஆகஸ்ட் 1. பிரான்சை விட்டுவிட்டு ரஷ்யாவை மட்டும் எதிர்கொள்ளலாமா என்று வில்ஹெம் கேட்க, முடியாது, படைகளை மேற்கே கொண்டுபோகும் ஏற்பாடு முழுவதும் முன்பே வகுத்ததாயிற்று, அதை இப்போது திருப்ப முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. அந்தத் திட்டம் பெல்ஜியம் வழியாகப் போனது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839 ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்துப் போட்டிருந்தது. லண்டன் குழு இப்போது என்ன செய்யும்? இந்த இடத்தில்தான் "ராணுவவாதம்" என்ற தலைப்புக்கு உயிர் வருகிறது. ஆயுதம் குவித்தது மட்டுமல்ல, மாற்றிப் போட முடியாத திட்டங்களைத் தீட்டி வைத்திருந்ததும் அதில் சேர்த்தி.

இதற்கு இரண்டு பீரியட் போகும். போகட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: இப்படிக் குழுவாக நடிப்பது முடிவெடுக்கும் மேசைகளுக்குத்தான் பொருந்தும். அடிமைக் கப்பலையோ வதைமுகாமையோ ஜாலியன்வாலா பாக்கையோ வகுப்பில் நடிக்க வைக்கவே கூடாது. சிரிப்பில் முடியும், அல்லது யாரோ ஒரு பிள்ளை உள்ளுக்குள் உடைந்துபோகும்.

அடுத்தது ஆதாரம். நம் ஊர் வரலாற்று வகுப்பில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். பத்து வருடம் வரலாறு படித்த பிள்ளை ஒரு மூல ஆவணத்தைக்கூட உட்கார்ந்து படித்திருக்காது. நீண்ட ஆவணம் வேண்டாம், இரண்டு வரி போதும். 1914 இலையுதிர் காலத்திலிருந்து பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் பிறரைக் கொண்டு எழுதுவித்தார்கள். ராணுவத் தணிக்கையாளர்கள் எல்லாவற்றையும் பிரித்துப் படித்தார்கள். அது தெரிந்த சிலர் மறைபொருளில் எழுதினார்கள். கருமிளகு தீர்ந்துபோயிற்று, இப்போது சிவப்பு மிளகைப் பயன்படுத்துகிறார்கள் என்ற பொருளில் ஒரு கடிதம் உண்டு.

இதைப் போர்டில் எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள். எந்த வகுப்பிலும் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்: கருமிளகு இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு வெள்ளைக்காரச் சிப்பாய், தீர்ந்தது என்றால் செத்தது. அத்தோடு விட்டுவிடாமல் இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை எழுதியவர் யாருக்குப் பயந்தார்? யார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதினார்? எழுத முடியாமல் விட்டது எது? கடைசியாக, இந்தக் கடிதம் நமக்கு எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். அந்த மூலக் கடிதங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. தணிக்கை அதிகாரிகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தங்கள் அறிக்கைகளோடு சேர்த்து வைத்த பகுதிகள்தான் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சிப்பாய் யாரிடமிருந்து மறைக்க நினைத்தாரோ அவர் வழியாகத்தான் அந்தக் குரல் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆதாரம் என்றால் என்ன, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தனிப் பாடமாக நடத்துவதைவிட இது சுலபம்.

எண்ணிக்கையும் சொல்லுங்கள், ஆனால் பின்னால் சொல்லுங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், 70,000க்கும் மேல் திரும்பவில்லை. மிளகுக்குப் பிறகு இந்த எண்ணைச் சொன்னால் வகுப்பு கேட்கும். முதலிலேயே சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இனி எம்டன். தமிழ்நாட்டில் இந்தப் பாடம் எடுக்கிற யாரும் இதைத் தவறவிட மாட்டார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கி 130 குண்டுகள் போல வீசியது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஊர் அலறி ஓடியது. உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் கல்வெட்டுகூட இருக்கிறது. நம் ஊரில் நடந்தது என்ற பரவசத்தோடு பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளூர்ச் சம்பவம் ஒரு வாசல், அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி, ஜெர்மன் கப்பலுக்கு வங்காள விரிகுடாவில் என்ன வேலை? எங்கிருந்து வந்தது?

அது வந்தது சீனாவிலிருந்து. ஷான்டோங் பகுதியில் சிங்தாவ் துறைமுகத்தை 1898இல் ஜெர்மனி குத்தகை என்ற பெயரில் பிடுங்கிக்கொண்டது. எம்டன் அங்கிருந்த படையைச் சேர்ந்த கப்பல். போர் தொடங்கியதும் 1914 ஆகஸ்டில் ஜப்பான் நேச நாடுகள் பக்கம் சேர்ந்தது, நவம்பரில் சிங்தாவைப் பிடித்தது. 1917இல் சீனாவும் நேச நாடுகள் பக்கம் வந்தது. ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சீனத் தொழிலாளர்கள் பிரான்சில் குழி வெட்டினார்கள், மூட்டை தூக்கினார்கள், தண்டவாளம் போட்டார்கள். ஜெயித்த பக்கத்தில் இருக்கிறோமே, சிங்தாவ் திரும்பி வந்துவிடும் என்று சீனா எதிர்பார்த்தது. போர் முடிந்து கூடிய பாரிஸ் சமாதான மாநாடு அதைத் தூக்கி ஜப்பானுக்குக் கொடுத்தது. 1919 மே 4 அன்று பெய்ஜிங்கில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த மாநாட்டில் ஜெர்மனியோடு செய்த வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தில் சீனா கையெழுத்துப் போடவே இல்லை. அந்தக் கொந்தளிப்பில் அரசியலுக்கு வந்த இளைஞர்களில் சிலர் 1921இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். சென்னைக் கடற்கரையில் விழுந்த குண்டிலிருந்து கிளம்பி, இழுத்துக்கட்டாமல், ஒவ்வொரு படியாக இங்கே வந்து சேரலாம். உலக வரலாறு என்று நான் சொல்வது இதைத்தான். இங்கிலாந்து ஒரு பாடம், சீனா ஒரு பாடம், ரஷ்யா ஒரு பாடம் என்று தனித்தனியாக நடத்தினால் அது பல நாடுகளின் வரலாறு, உலக வரலாறு ஆகாது.

கையோடு கையாக 1919இன் முதல் பாதியை மட்டும் ஒரு காலக்கோட்டில் போடச் சொல்லுங்கள். மார்ச் 1: ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவில் விடுதலை அறிவிப்பு, ஊர்வலங்கள். மார்ச் இரண்டாம் வாரம்: எகிப்தில் விடுதலை இயக்கத் தலைவர் சாத் சக்லூலை பிரிட்டிஷார் மால்டாவுக்கு நாடு கடத்த, நாடே கிளர்ந்தது. அதே மார்ச்சில் இங்கே ரௌலட் சட்டம். அப்போது காந்தி சென்னையில் இருந்தார், நாடு முழுக்கக் கடையடைப்பு என்ற எண்ணம் அவருக்கு உதித்தது இங்கேதான். ஏப்ரல் 13: ஜாலியன்வாலா பாக். மே 4: பெய்ஜிங். ஜூன் மாதம் பாரிசில், பின்னாளில் ஹோ சி மின் என்று அறியப்பட்ட வியட்நாம் இளைஞர் மாநாட்டுக்கு ஒரு மனு கொடுத்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜூன் 28: வெர்சேல்ஸ் ஒப்பந்தம், சரயேவோ கொலைக்குச் சரியாக ஐந்தாண்டு கழித்து அதே தேதியில்.

இத்தனையும் நான்கே மாதத்தில். தற்செயலா? பிள்ளைகள் உடனே "இல்லை, எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். அந்த அவசரத்தைப் பிடித்து நிறுத்துவதும் உங்கள் வேலைதான். 1918 ஜனவரியில் அமெரிக்க அதிபர் வில்சன் வெளியிட்ட 14 அம்சங்களும், தேசங்கள் தம் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்ற பேச்சும் கொரியாவிலும் எகிப்திலும் வியட்நாமியரிடமும் நம்பிக்கையை விதைத்தன, உண்மை. ஆனால் பஞ்சாபுக்கு வேறு கணக்கும் இருந்தது. படைக்கு ஆள் பிடித்ததும் விலைவாசியும் அந்த மாகாணத்தை நொறுக்கியிருந்தன. கொரியாவில் பழைய அரசர் கோஜோங் அந்த ஜனவரியில் இறந்திருந்தார், அவருடைய இறுதிச்சடங்குக்குக் கூடிய கூட்டம் போராட்டத்துக்கு வாகாக அமைந்தது. எது பொதுக்காரணம், எது அந்த ஊருக்கே உரிய காரணம் என்று இரண்டு பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒப்பிடுவதும் இதுதான், தொடர்புபடுத்துவதும் இதுதான். இந்த ஒரு பயிற்சியை ஒழுங்காகச் செய்த வகுப்புக்கு அடுத்த பாடத்தில் வரும் காலனிய எதிர்ப்புப் போராட்டங்களைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக்கு வரும்போது வேறொரு பிரச்சினை காத்திருக்கும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் இரண்டு மூன்று பையன்களாவது ஹிட்லரை ஒரு ஹீரோவாக நினைத்துக்கொண்டு வருவார்கள். "கண்டிப்பானவர், நாட்டைத் தூக்கி நிறுத்தினார் சார்." திட்டாதீர்கள், பிரசங்கமும் செய்யாதீர்கள், இரண்டுமே அந்தக் கவர்ச்சியைக் கூட்டத்தான் செய்யும். தேதிகளைப் பேசவிடுங்கள். 1932 ஜூலைத் தேர்தலில் அவர் கட்சிக்கு 37 சதவீதம், நவம்பரில் 33. குறைந்துகொண்டிருந்த நேரத்தில், 1933 ஜனவரி 30 அன்று, அவரை அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியவர்களின் பேச்சைக் கேட்டு அதிபர் ஹிண்டன்பர்க் பிரதமர் பதவியில் உட்கார வைத்தார். "மக்கள் எல்லாரும் கொண்டாடித் தேர்ந்தெடுத்தார்கள்" என்பது அங்கேயே கலைந்துவிடும்.

அப்புறம் ஒரு யூதக் குடும்பத்துக்கு அடுத்தடுத்து என்ன நடந்திருக்கும் என்பதைச் சட்டங்கள் வழியாகவே காட்டுங்கள். 1933 ஏப்ரலில் யூத அரசு ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கம். 1935இல் குடியுரிமை பறிப்பு. 1938 நவம்பரில் கடைகளும் வழிபாட்டு இடங்களும் நொறுக்கப்பட்டன, அதற்கடுத்த வாரமே யூதப் பிள்ளைகள் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நாளை முதல் வரக் கூடாது என்று அரசு சொல்கிறது, அதுவரை ஐந்து வருடமாக வகுப்பில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அந்தப் பையன்களிடமே கேளுங்கள். கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது லட்சம் என்ற எண் கடைசியில் வரட்டும். அதே 1938 ஜூலையில் எவியானில் 32 நாடுகள் கூடிப் பேசியும் யூத அகதிகளை ஏற்றுக்கொள்ளப் பெரும்பாலும் முன்வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் நேச நாடுகள் எல்லாம் தர்மவான்கள் என்ற இன்னொரு பொய் உள்ளே நுழைந்துவிடும்.

படம், வரைபடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: வகுப்பில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரிந்தால், ஆப்பிரிக்கா உண்மையில் பதினான்கு மடங்கு பெரியது என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்மார்ட் போர்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை. நான் மேலே சொன்ன எதற்கும் அது தேவையில்லை.

கடைசியாகத் தேர்வும் போர்ஷனும். இப்படி எல்லாப் பாடத்தையும் நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். வருடத்துக்கு மூன்று இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: 1914 ஜூலை, 1919, 1933. அவற்றுக்கு இரண்டு இரண்டு பீரியட் தாராளமாகச் செலவழியுங்கள். மற்றவற்றைப் புத்தகத்தை வைத்து வேகமாக ஓட்டிவிடுங்கள், போர்முனைகளின் பட்டியல், ஒப்பந்த ஷரத்துகள் எல்லாம் வீட்டில் படித்தாலே போதும். தலைமையாசிரியர் கேட்டால் காட்டுவதற்கு ஒன்றிருக்கும். "முதல் உலகப் போருக்கான காரணங்களை விவரி" என்ற கேள்விக்குப் பிள்ளை அதே நான்கு தலைப்பைத்தான் எழுதப் போகிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே இத்தாலி, மோல்ட்கே, சிங்தாவ் என்று சொந்தமாக ஒரு வரி எழுத அதனிடம் விஷயம் இருக்கும். காலக்கோடு வரையச் சொன்னால் போர்டில் 1914க்கும் 1919க்கும் போட்ட கோடுகளே கைகொடுக்கும், அதற்கென்று தனியாக ரிவிஷன் வைக்க வேண்டியதில்லை.